இடவப்பாதியில் ஒரு கட்டை

மழை விழுந்தால் பால்வெட்டு இல்லை.
வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை.
கூலி இல்லாத காலை ஒன்பது மணிக்கு
குலசேகரம் சந்தையைக் கடந்து
குடையோடு கோயிலுக்குப் போகிறேன்,
ஜெபிக்க அல்ல.

கோயில்குட்டி தாசையன்
சாவியைத் தரும்போதெல்லாம் கேட்பார்:
"ஆல்ட்டோ பாடுறவளுக்கு எதுக்கு பிள்ளே பியானோ?"
நெய்யூரிலிருந்து லாரியில் வந்தது அது.
ஒரு சக்கரம் இல்லை.
அந்த மூலையைத் தாங்குவது
நான்கு பழைய பாட்டுப்புத்தகங்கள்.

நான் படிப்பது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த ஒன்று.
லிஃப்டில் வைக்கிறார்கள்,
நகைக்கடை விளம்பரத்தில் வைக்கிறார்கள்.
அதற்கு நிலவின் பெயரை வைத்தது
எழுதியவர் அல்ல, அவர் செத்தபின் யாரோ.
நாகர்கோவிலில் எடுத்த ஜெராக்ஸ், நாலு தாள்.
நாலு ஷார்ப்.

சிக்கல் வலது கையில்.
மூன்று விரல்கள் ஓயாமல்
ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ
ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ
என்று நூற்றுக்கொண்டே இருக்க
அதே கையின் சுண்டுவிரல்
மேலே தனியாகப் பாட வேண்டும்.
என் சுண்டுவிரலில் கத்தி பட்ட தழும்பு.
அதில் பாதிக்கு உணர்ச்சி கிடையாது.
மரத்துப்போன விரலுக்கா இத்தனை துயரம்?

போனில் ஒருத்தி சொல்கிறாள்:
சாவு வீட்டில் நடப்பதுபோல் வாசியுங்கள்.
இன்னொருவர்: மெதுவாக்கிக் கொல்லாதீர்கள்,
நான்காக அல்ல, இரண்டாக எண்ணுங்கள்.
மூன்றாமவர் நீல விளக்குப் போட்டு
கண்ணை மூடிக்கொள்கிறார்.

நிலவு பார்க்க நாங்களும் போனோம் ஒருமுறை,
சித்திரைப் பௌர்ணமிக்கு, வேன் பிடித்து, கன்னியாகுமரிக்கு.
ஒரு பக்கம் சூரியன் இறங்க
மறு பக்கம் அது ஏறிற்று.
கூட்டத்தில் என் ஒற்றைச் செருப்பு போயிற்று.

இதில் கூட்டம் இல்லை.
இதில் இருப்பது மூன்று மணி இருட்டு.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் ஒரே மரம்.
அடுத்தது, போய் நின்றால்தான் தெரியும்.
பட்டையில் கத்தி இவ்வளவு இறங்கலாம்,
இன்னும் ஒரு மயிரிழை போனால் மரத்துக்குக் காயம்,
ஒரு மயிரிழை குறைந்தால் பால் இல்லை.
கட்டையை அழுத்துவதும் அவ்வளவுதான்.
இதைப் போனில் யாரும் சொல்லவில்லை.

அடிச்சுரம் மாறும்போது
பெடலிலிருந்து காலை எடுத்து வைக்க வேண்டும்.
எடுக்காமல் விட்டுப் பார்த்தேன் ஒரு நாள்.
கோதையாறு கலங்கி வருவதுபோல் வந்தது.
பிடித்திருந்தது.
ஆனாலும் எடுத்தேன்.

ஜூன் பதினாலு.
ஈரத்தில் ஊதிய ஈ கட்டை
இறங்கியது எழும்பவில்லை.
"சவம்" என்றேன், கோயிலுக்குள் வைத்து.
வெயில் அடித்தால் கட்டை எழும்பும்.
வெயில் அடித்தால் நான் தோட்டத்தில் இருப்பேன்.

ஆகவே
ஜி ஷார்ப், சி ஷார்ப்,
ஜி ஷார்ப், சி ஷார்ப்,
விரல் போய்த் தொட்டுவிட்டு வரும்.
ஒலி வராது.
ஆறு வாரம் அப்படி.

வெட்டிய கோட்டில் பால் ஊறி
சிரட்டையில் முதல் சொட்டு விழுவதை
யாரும் நின்று பார்ப்பதில்லை,
முந்நூறு மரம் பாக்கி இருக்கும்.
விழுந்திருக்கும் என்று
முதுகுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆவணியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில்.
ஞாயிறு ஆராதனை முடிந்து
எல்லாரும் போனபின் உட்கார்ந்தேன்.
ஜி ஷார்ப், சி ஷார்ப்,
ஈ.
தூக்கிவாரிப் போட்டது,
யாரோ உள்ளே வந்துவிட்டதுபோல.

இப்போது அதை மிகப் பைய தொடுகிறேன்.
கேட்டதா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு.
சரியா தெரியாது.
தாளில் அப்படிக் குறித்திருக்கவில்லை.

துடைப்பத்தோடு தாசையன் வந்து நின்றார்.
"இன்னும் முதல் பக்கந்தானா?"
"முதல் பக்கந்தான்."

மேல் ஜி ஷார்ப்பின் கறுப்பில் என்னவோ வெளுப்பு.
நகத்தால் சுரண்டினேன்.
மெல்லிய தோலாக உரிந்து வந்தது
ஒட்டுப்பால்,
என் சுண்டுவிரல் ரேகையோடு.